டிசம்பரில் அண்ணி கூப்பிடவில்லை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். முப்பத்தோரு வருடம் தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளோடு தொண்டை கிழியக் கத்தியவளுக்கு வேறென்ன நிற்கும்? ஆனால் நான் சொல்லப்போகிற அந்த டிசம்பரில் எனக்கு வந்தது கோபம் இல்லை, வீராப்பு. கோபம் வந்தால் ரெண்டு கத்து கத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். வீராப்பு அப்படி இல்லை, வந்தால் மாதக்கணக்கில் தங்கிவிடும். அந்த ஒரு வீராப்பில் நான் பிறந்த வீட்டைத் தொலைத்தேன். யார் மேலும் பழி போட முடியாது. நானேதான் தொலைத்தேன்.

கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் எங்கள் வீடு முன்பாதி கல், பின்பாதி பலகை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் முழுப் பலகை வீடாக வாங்கியது. அண்ணன் அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்ட ஆரம்பித்த பிறகு முன்பக்கத்தை இடித்துக் கல்லில் கட்டினார். சமையல்கட்டு மட்டும் கடைசிவரை பலகைதான், மேலே தகரம். மழை பெய்தால் அங்கே நின்று பேச முடியாது, கத்தத்தான் முடியும். எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் ஏன் இவ்வளவு பெரிய குரல் என்று என் கணவர் கல்யாணமான புதிதில் கேட்டார். ஒரு டிசம்பர் அங்கே வந்து தங்கினார், பிறகு கேட்கவில்லை.

டிசம்பர்தான் எங்களுக்குக் கணக்கு. தீபாவளிக்கு அவரவர் வீட்டில் அவரவர் விருந்தாளிகள், மாமியார் வீடு, பக்கத்து வீடு என்று போய்விடும். ஆண்டு இறுதி விடுமுறை விட்டதும் முதல் சனிக்கிழமை நான் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் தங்கச்சி சிரம்பானிலிருந்தும் பிள்ளைகளை அள்ளிப்போட்டுக்கொண்டு பண்டமாரானுக்குப் போய்விடுவோம். ஒரு வாரம் இருப்போம். நம் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று ஏது, அந்த மாதத்து மழைதான் எங்களுக்குக் குளிர். மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வரும். கடல் ஏறுகிற நாளாக இருந்தால் வாசலில் ஓடும் லோங்காங் கால்வாய் நிரம்பி, தண்ணீர் கேட்டுக்கு உள்ளே எட்டிப் பார்க்கும். அண்ணன் காலணிகளை எல்லாம் மேசை மேல் ஏற்றி வைப்பார். ஹாலில் தோத்தோ மெத்தைகளை வரிசையாக விரித்து, பத்துப் பன்னிரண்டு பேர் படுத்துக்கொண்டு, வறுத்த வாழைப்பழம் தின்றுகொண்டு, துறைமுகத்தில் யார் எந்தப் பெட்டியை எந்தக் கப்பலில் மாற்றி ஏற்றினான் என்று அண்ணன் சொல்கிற கதையைக் கேட்டுச் சிரிப்போம். அதே கதைகள்தான். ஒவ்வொரு வருடமும் பெட்டி கொஞ்சம் பெரிதாகும்.

இது தானாக நடந்துவிடவில்லை. நவம்பர் கடைசியில் அண்ணன் போன் போடுவார். "எப்ப வர? சனிக்கிழமதானே? நண்டு சொல்லி வைக்கணும்லா." அவ்வளவுதான் பேச்சு. நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிடுவார். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய், பள்ளித் தவணையே மாறி, நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் போன் மட்டும் நவம்பர் கடைசியில் வந்துகொண்டுதான் இருந்தது.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணி காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவர் கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. ஆரம்பத்தில் என்னை வா, போ என்றுதான் கூப்பிட்டார். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனதும் கேலியாக "டீச்சர்" என்று ஆரம்பித்தார். பிறகு அதுவே பேராகி, கூடவே மரியாதையும் ஒட்டிக்கொண்டது. அந்த "டீச்சரில்" எவ்வளவு கேலி, எவ்வளவு மரியாதை என்று நாற்பது வருடமாக நான் அளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனாருக்கு வேறென்ன வேலை?

அளந்து பார்க்க எனக்கு ஒரு காரணமும் இருந்தது. டிசம்பரில் நாங்கள் போய் இறங்கியதும் அண்ணன் கேட்டைத் திறப்பார். அண்ணி சமையல்கட்டிலிருந்து ஈரக்கையோடு எட்டிப் பார்ப்பார். என் கணவரைப் பார்த்து, "வாங்கண்ணே, வாங்க, உக்காருங்க, டீ போடவா?" என்பார். தங்கச்சி வீட்டுக்காரருக்கும் அதே வரவேற்பு. என்னைப் பார்த்தால், "டீச்சர் வந்தாச்சா? வெங்காயம் கூடையில இருக்கு பாருங்க," என்பார். வாங்க என்று ஒரு வார்த்தை கிடையாது. நான் கல்யாணமாகிப் போனதிலிருந்து ஒரு டிசம்பர்கூடக் கிடையாது. காரில் திரும்பி வரும்போது நான் இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புவேன். "நான் என்ன அங்க கூலிக்கு வெங்காயம் உரிக்கவா போறேன்?" என்பேன். என் கணவர் பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்.

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். அம்மா ஆறு வருடம் படுக்கையில் கிடந்தார். தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, துணி மாற்றியது அண்ணி. சனிக்கிழமை போய் அம்மாவின் கஞ்சியை ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு "உப்பு கம்மியா இருக்கே" என்று சொன்னது நான். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் சொன்னேன். அண்ணி உப்பு டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

போன வருடம் மாசியில் அண்ணன் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பர் பார்த்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தவர்தான். நான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து போய்ச் சேர்வதற்குள் வாசலில் கொட்டகை போட்டுவிட்டார்கள். அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்கே ஞாபகம் இல்லை. அண்ணி அழவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வந்தவர்களுக்குக் காப்பி போயிற்றா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதையும் நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

துக்க வருடம், தீபாவளி இல்லை. நவம்பர் கடைசி வந்தது. போன் வரவில்லை.

சரி, டிசம்பர் முதல் வாரத்தில் வரும் என்று இருந்தேன். வரவில்லை. நான் பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன், துணி மட்டும் வைக்கவில்லை. போன் மணி அடித்தால் ஓடுவேன். வங்கியிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்பான். "போன முழுங்கிடாத," என்றார் என் கணவர். "நீயே ஒரு போன் போட்டாத்தான் என்ன?"

தங்கச்சியும் அதையே கேட்டாள். அவளிடம் நான் சொன்ன பதில் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "நல்லதுக்கு அழைச்சாப் போகணும், கெட்டதுக்குக் கேட்டாப் போகணும். இப்ப அங்க என்ன கெட்டதா நடக்குது? அண்ணன் இருந்தவரைக்கும் அது நம்ம வீடு. இப்ப அது அவங்க வீடு. அவங்க கூப்பிடட்டும், போலாம்."

"அண்ணி அப்படியெல்லாம் நெனக்க மாட்டாங்கக்கா."

"அப்ப ஏன் கூப்பிடல?"

 அக்கா போகாமல் தான் மட்டும் எப்படிப் போவது என்று அவளும் நின்றுவிட்டாள்.

வீராப்பு என்றேனே, அதற்கு அடியில் பயம்தான் இருந்தது. பெண்ணாகப் பிறந்தவளுக்குப் பிறந்த வீடு என்பது அம்மா அப்பா இருக்கிறவரைக்கும். அவர்களுக்குப் பிறகு அண்ணன் தம்பி இருக்கிறவரைக்கும். அண்ணனும் போன பிறகு அது அண்ணி கையில். அப்பா காலத்துக்குப் பிறகு நானும் தங்கச்சியும் வீட்டை அண்ணன் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம், சட்டப்படி எங்களுக்கு அங்கே ஒரு பலகைகூடக் கிடையாது. அண்ணி கூப்பிட்டால் எனக்கு இன்னும் பிறந்த வீடு இருக்கிறது. கூப்பிடாவிட்டால் ஐம்பத்தெட்டு வயதில் எனக்குப் பிறந்த வீடு இல்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பயம். போன் போட்டுக் கேட்டு, "இந்த வருஷம் வேணாம் டீச்சர்" என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? அதனால் கேட்கவே இல்லை.

டிசம்பர் முழுக்க மழை. பிரிக்பீல்ட்ஸில் மாதா கோயில்களில் விளக்கு கட்டினார்கள், பூக்கடைகளில் மல்லிகை விலை ஏறியது, நான் மாடியிலிருந்து ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்தாம் தேதி மகள் பங்சாரில் ஒரு கடைக்குச் சாப்பிடக் கூட்டிப்போனாள். வாழை இலையில் நண்டு வைத்தார்கள். "நல்லால்ல," என்று தள்ளி வைத்தேன். நண்டு நன்றாகத்தான் இருந்தது. முப்பத்தொன்றாம் தேதியும் போயிற்று. ஜனவரியில் பார்ப்பவர்களிடம் எல்லாம் நான் சொன்னேன், "அண்ணன் போனதும் அண்ணி மாறிட்டாங்க. மனுசங்க குணம் இப்பத்தான் தெரியுது." எத்தனை பேரிடம் சொன்னேன் என்று கணக்கே இல்லை.

மாசியில் தலைத் தெவசம். அண்ணன் மகன் வாட்ஸ்அப்பில் தேதியை அனுப்பினான். இது கேள்விப்பட்டாலே போக வேண்டியது, அதனால் வீராப்புக்கு வேலை இல்லை. காலையிலேயே போய்விட்டோம். படையலில் அண்ணனுக்குப் பிடித்தது எல்லாம் இருந்தது. நண்டுப் பெரட்டல், ஒரு பாட்டில் ஸ்டவுட் பீர், வறுத்த வாழைப்பழம். நான் கும்பிட்டேன், அழுதேன், அண்ணியிடம் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. அண்ணி என்னைப் பார்த்ததும், "டீச்சர் வந்தாச்சா? எல முன்னுக்கு இருக்கு, தொடச்சி வைங்க," என்றார். பாரு, இப்பவும் வேலைதான் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு இலையைத் துடைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு இலைகளைப் போட வேலிப் பக்கம் போனேன். அடுத்த வீட்டு சீனத்து ஆன்டி அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். மலாயில்தான் பேசுவோம். பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் டிசம்பர்ல வரல? உடம்பு சரியில்லையா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொல்லிக்கொண்டு போனார். டிசம்பர் தொடக்கத்தில் அண்ணி எல்லா மெத்தைகளையும் எடுத்து வேலியில் காயப் போட்டாராம். மழை வந்தால் உள்ளே எடுப்பார், வெயில் வந்தால் வெளியே போடுவார். யார் வருகிறார்கள் என்று கேட்டதற்கு, என் நாத்தனாருங்க வருவாங்க, வருஷா வருஷம் வருவாங்கல்ல என்றாராம். சனிக்கிழமை ஒரு பெரிய சட்டி நிறைய நண்டு சமைத்திருக்கிறார். சாயங்காலம் அந்தச் சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, நீங்க சாப்பிடுங்க என்று வேலிக்கு மேலே கொடுத்துவிட்டாராம். அடுத்த சனிக்கிழமையும் அதேபோல. "நாங்க ரெண்டு பேரு, எவ்வளவு நண்டு சாப்பிடறது?" என்று சொல்லி ஆன்டி சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

இலைகளை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன். அண்ணி சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, டிசம்பர்ல எங்களுக்காகக் காத்திருந்தீங்களாமே?"

அவர் திரும்பவில்லை. "யாரு சொன்னா? பக்கத்து வீட்டு ஆன்டியா? அவளுக்கு வாய் சும்மா இருக்காது."

"ஒரு போன் போட்டிருக்கலாம்ல? கூப்பிட்டா வந்திருப்பேன்ல?"

அப்போதுதான் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாத மாதிரி பார்த்தார். "நானா? நான் ஒங்களக் கூப்பிடுறதா?"

"ஏன், கூப்பிட்டா என்ன?"

"என்ன டீச்சர் இது. வீட்டுப் பொண்ண யாராச்சும் வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிடுவாங்களா? அது விருந்தாளிக்குச் சொல்றது. நாப்பத்திரெண்டு வருசத்துல ஒரு நாளாவது ஒங்கள நான் வாங்கன்னு சொல்லியிருக்கேனா? ஒங்க வீட்டுக்கு நீங்க வர்றதுக்கு நான் யாரு வாங்கன்னு சொல்ல? நான் வந்து சேந்தவ. ஒங்க அண்ணன் போன் போட்டாருன்னா, அவரு கூடப் பொறந்தவரு, என்னமும் பேசலாம். நான் போட்டா, 'ஓ, இப்ப இது இவ வீடாயிருச்சா, இவ கூப்பிட்டுத்தான் நாங்க வரணுமா'ன்னு நீங்க கேக்க மாட்டீங்க?"

கேட்டிருப்பேன். சத்தியமாகக் கேட்டிருப்பேன். என் வாய் எனக்குத் தெரியாதா?

 அங்கே கிடந்த மணையில் உட்கார்ந்தேன். இத்தனை வருடமாக எனக்குக் கிடைக்கவில்லை என்று நான் ஏங்கிய அந்த வார்த்தை, எனக்குச் சொன்னால் நான் அந்த வீட்டுக்கு அந்நியமாகிவிடுவேன் என்று இந்த மனுசி சொல்லாமலே காப்பாற்றி வைத்திருக்கிறார். நான் அதை வெங்காயக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.

"சரி அண்ணி," என்றேன். "என் புத்தியச் செருப்பால அடிக்கணும். இந்த வருஷம் டிசம்பருக்கு நானே வந்திருவேன். நீங்க ஒண்ணும் கூப்பிட வேணாம்."

அண்ணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"இந்த வருஷம் வீடு இருக்காது டீச்சர். ஜனவரியில கையெழுத்து வெச்சிட்டேன்."

அண்ணன் காரியம் முடிந்ததிலிருந்தே, வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி மகன் கேட்டுக்கொண்டிருந்தானாம். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அறுபத்து நாலு வயது அம்மா, வெள்ளம் ஏறுகிற இடத்தில், தனியாக. அவனுக்கு டெங்கில் என்கிற ஊர்ப்பக்கம் அபார்ட்மெண்ட், கைக்குழந்தை, ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். வாங்குவதற்கும் ஆள் வந்துவிட்டான், வீட்டை இடித்து லோரி நிறுத்துகிற இடமாக்கப் போகிறானாம். அண்ணி தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

"டிசம்பர் வரைக்கும் பொறுடான்னேன். ஒன் அத்தைங்க வரட்டும், அவங்க பொறந்த வீடு, அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாம நான் கையெழுத்து வைக்க மாட்டேன்னு சொன்னேன். அவங்க வந்து, வேணாம் அண்ணி, வீடு இருக்கட்டும்னு சொன்னா, நான் இங்கயேதான் இருப்பேன், நீ ஞாயித்துக்கிழம வந்து பாத்துட்டுப் போன்னு சொன்னேன். அவனும் சரின்னான்." அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நீங்க வரல. ரெண்டு பேரும் வரல. பொறந்தவங்களே வேணாம்னு விட்டுட்டாங்க, நான் ஒருத்தி யாருக்காகக் காவல் காக்குறதுன்னு இருந்துச்சி. ஜனவரியில அவன் பேப்பரக் கொண்டாந்தான், வெச்சிட்டேன்."

"நான் வேணாம்னு விடல அண்ணி."

"இப்பத் தெரியுது."

 நான் அழுதேன். அண்ணனுக்கு அழுததைவிட அன்றைக்கு அதிகமாக அழுதேன். அண்ணி சட்டியை மறுபடி எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். துக்கத்தன்று அழவில்லை என்று தப்பாக நினைத்தேனே, அந்த மனுசி எப்போதும் இப்படி முதுகைக் காட்டிக்கொண்டுதான் அழுதிருக்கிறார்.

பங்குனியில் வீட்டை ஒப்படைத்துவிட்டார்கள். மகன் லோரி வைத்துச் சாமான்களை ஏற்றினான். தங்கச்சி போய் நின்றாள். நான் போகவில்லை. இந்த முறை வீராப்பு இல்லை, போய் நிற்க முகம் இல்லை. அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று இன்றுவரை நான் போய்ப் பார்க்கவில்லை. கிள்ளானுக்கு ஏதாவது வேலையாகப் போனால் அந்தப் பக்கத்துச் சாலையை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

இந்த டிசம்பர் வந்தது. முதல் சனிக்கிழமை காலையில் எழுந்து, ஒரு பையில் நாலு நாளைக்குத் துணி எடுத்து வைத்தேன். என் கணவர் என்ன என்று கேட்டார். "அண்ணிகிட்ட போறேன்," என்றேன். போன் போடவில்லை. கூப்பிடாமல் போவதுதான் இப்போது எனக்குத் தெரிந்த மரியாதை.

டெங்கில் அபார்ட்மெண்டில் காவலாளி அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, யார் வீடு, என்ன உறவு என்று கேட்டார். சொன்னேன். மேலே போய் மணியை அடித்தேன். அண்ணி இடுப்பில் பேத்தியோடு கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்தது. நான் அதைப் பொய் சொல்ல மாட்டேன், மலர்ந்தது. பிறகு என் கையில் இருந்த பையைப் பார்த்தார்.

"தங்கறாப்ல வந்தீங்களா?" குரல் இறங்கிவிட்டது. "இருங்க டீச்சர், தாராளமா இருக்கலாம். மருமக இன்னிக்கு ஓவர்டைம், சாயங்காலம் வந்திரும். வந்ததும் ஒரு வார்த்த கேட்டுட்டு..."

பன்னிரண்டு பேருக்கு யாரையும் கேட்காமல் மெத்தை விரித்தவர். 

"தங்கல அண்ணி," என்றேன். "இது சும்மா, வேற ஒருத்தருக்குக் குடுக்க வேண்டிய துணி. ஒங்கள ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னுதான்." பையைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். பொய் என்று அண்ணிக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"மருமக நல்ல பொண்ணு," என்றார் உட்கார்ந்ததும். நான் ஒன்றும் கேட்கவில்லை. "ஒரு கொறையும் வெக்கல. ஆனா இது மருமக வீடாச்சே. கேட்டுட்டுச் செஞ்சா அதுக்கும் ஒரு சந்தோசம்."

பேத்திக்குக் கஞ்சி ஊட்டினார், தூங்கவைத்தார், எனக்கு டீ போட்டார். சீனி எந்த டப்பாவில் இருக்கிறது என்று மூன்று டப்பாவைத் திறந்து பார்த்தார். மத்தியானம் சமைத்ததைச் சாப்பிட்டோம். அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். பண்டமாரான் வீட்டைப் பற்றி ரெண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. எழுந்து போகவும் மனசு வரவில்லை, இருக்கவும் வழியில்லை.

கடைசியில் நான்தான் சொன்னேன். "அண்ணி, எங்க வீட்டுக்கு வாங்க. மருமகளுக்கு லீவு எப்பன்னு பாத்துச் சொல்லுங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன். ஒரு பத்து நாளு இருங்க. நான் கூப்பிடுறேன்."

 அண்ணி முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார், "பிரிக்பீல்ட்ஸ்ல ஒங்க வீடு எத்தனாவது மாடி, டீச்சர்?"

முட்டி வலிக்காகக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பதில் சொல்ல வாயைத் திறந்த பிறகுதான் உறைத்தது. நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்து பத்தொன்பது வருடம். வீடு புகுந்த அன்றைக்கு, படுக்கையில் இருந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அண்ணி பண்டமாரானிலேயே இருந்துவிட்டார். அதற்குப் பிறகு அண்ணன் எத்தனையோ தடவை வந்து போனார். ஒவ்வொரு தடவையும் தனியாகத்தான் வந்தார். அண்ணி எங்கே என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. என்னை ஏன் கூப்பிடவில்லை என்று ஒரு டிசம்பர் முழுக்கக் கணக்குப் பார்த்த நான், பத்தொன்பது வருடத்தில் அந்த மனுசியை ஒருமுறைகூட என் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. என் வீடு எத்தனாவது மாடி என்றுகூட அவருக்குத் தெரியாது.

"பதினொண்ணாவது மாடி அண்ணி," என்றேன். "லிப்ட் இருக்கு."